பாறை ஓவியம்: என்ன படம், என்ன அர்த்தம்?

வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை வட்டாரத்தில் ஏதாவது ஒரு குன்றில் பாறை ஓவியம் இருக்கிறது என்று செய்தி வந்தால் போதும், மறுநாளே வாட்ஸ்அப்பில் அதற்கு அர்த்தமும் வந்துவிடுகிறது. கை தூக்கி நிற்கும் உருவம் என்றால் சூரிய வழிபாடு. விலங்கு என்றால் வேட்டைக்கு முன் செய்த மந்திரம். சக்கரம் போல ஏதாவது தெரிந்தால் சிந்துவெளி எழுத்து. தலை பெரிதாக இருந்தால் வேற்றுக்கிரகவாசி. கூடவே, ‘இதே மாதிரி ஆப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கிறது, ஆகவே எல்லாம் ஒரே இனத்தார் வரைந்தவை’ என்று ஒரு வரியும் சேர்ந்துகொள்ளும்.

ஆர்வப்படுவதில் தவறே இல்லை. நம் ஊர்க் குன்றில் நமக்கு முன்னால் வாழ்ந்த யாரோ கைப்பட வரைந்தது இன்னும் இருக்கிறது என்றால் யாருக்குத்தான் மனசு துள்ளாது? ஆனால் அர்த்தம் சொல்வதற்கு ஒரு வழிமுறை இருக்கிறது. எதை உறுதியாகச் சொல்லலாம், எதை ஓரளவு சொல்லலாம், எங்கே வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதை ஆய்வாளர்கள் நூறு வருஷத்துக்கும் மேலாகத் தட்டுத்தடுமாறிக் கற்றிருக்கிறார்கள். துறைக்குப் புதியவருக்கும் புரிகிற மாதிரி அதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

## எதைப் பாறை ஓவியம் என்கிறோம்

இயற்கையான பாறைப் பரப்பில் நேரடியாக நிறம் கொண்டு வரைந்தது பாறை ஓவியம். பாறையைக் கொத்தியோ கீறியோ தேய்த்தோ உண்டாக்கிய உருவம் பாறைச் செதுக்கல். இரண்டையும் சேர்த்துப் பாறைக் கலை என்று சொல்வார்கள்.

நிறத்துக்குப் பயன்படும் பொருளுக்கு நிறமி என்று பெயர். தமிழ்நாட்டில் பெரும்பாலும் இரண்டு நிறமிகள்தான். ஒன்று, இரும்புச் சத்துள்ள காவிக்கல்லை அரைத்து எடுத்த சிவப்பு. மற்றொன்று, வெண்களிமண் அல்லது சுண்ணாம்பு கொண்டு செய்த வெள்ளை. விழுப்புரம் மாவட்டம் கீழ்வாலையில் இருப்பவை சிவப்பு. கிருஷ்ணகிரி மாவட்டத்தில், நம் திருப்பத்தூருக்குப் பக்கத்திலேயே இருக்கும் மல்லப்பாடியில் வெள்ளை.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். ஆம்பூர் அருகே மலையம்பட்டு கிராமத்தை ஒட்டி ஆர்மாமலை என்று ஒரு குகை இருக்கிறது. அதற்குள் வண்ண ஓவியங்கள் உண்டு. அவை 8, 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சமண ஓவியங்கள். சுண்ணச் சாந்து பூசி அதன்மேல் வரைந்தவை. குகைக்குள் இருந்தாலும் அவற்றைச் சுவரோவியம் என்றுதான் சொல்ல வேண்டும். பெயரில் என்ன வந்தது என்று தோன்றலாம். ஆர்மாமலையில் ஆட்டின் மேல் அமர்ந்திருப்பவரை ‘இவர் அக்னி, எண்திசைக் காவலரில் ஒருவர்’ என்று நம்மால் சொல்ல முடிகிறது. ஏனென்றால் அந்தச் சமயத்துக்கு நூல்கள் இருக்கின்றன, அதே உருவம் வேறு கோயில்களிலும் இருக்கிறது. மல்லப்பாடியில் குதிரைமேல் இருப்பவரை அப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிட எந்த நூலும் இல்லை. பாறை ஓவியத்தின் சிக்கல் எல்லாம் அந்த வித்தியாசத்தில்தான் ஆரம்பிக்கிறது.

## தேர்தல் சுவரும் மூவாயிரம் வருஷமும்

காட்பாடி சாலையில் ஒரு நீளமான சுவரை நினைத்துக்கொள்ளுங்கள். தேர்தல் சமயம். சுவர் முழுக்கச் சின்னங்கள்: இரண்டு மலைக்கு நடுவே எழும் சூரியன், இரண்டு இலை, விரித்த கை, மாம்பழம். அந்தச் சுவர் எப்படியோ மூவாயிரம் வருஷம் தப்பிப் பிழைத்து, தமிழே தெரியாத ஓர் ஆய்வாளர் கையில் கிடைக்கிறது என்று வைப்போம்.

அவர் நல்ல கண்ணுடையவர். ‘இது சூரியன், இது இலை, இது கை, இது மாங்காய் மாதிரி ஒரு கனி’ என்று சரியாகவே சொல்லிவிடுவார். அடுத்து அர்த்தம் தேடுவார். மலைகள் சூழ்ந்த ஊர், மலைக்கு நடுவே சூரியன், ஆகவே சூரிய வழிபாடு. கனியும் இலையும் இருக்கின்றன, ஆகவே வளமைச் சடங்கு. கை, ஆசீர்வாதம். எண்ணிப் பார்த்து, எது அதிகம் வருகிறதோ அதுதான் பெரிய தெய்வம் என்று ஒரு முடிவுக்கும் வருவார். படத்தை ஒன்றுகூட அவர் தவறாகச் சொல்லவில்லை. அர்த்தத்தில் ஒன்றுகூடச் சரியில்லை.

அவருக்கு எது உதவியிருக்கும்? சின்னத்துக்குப் பக்கத்தில் ‘வாக்களிப்பீர்’ என்று எழுதியிருப்பதை அவரால் படிக்க முடிந்தால் உதவும். இல்லையென்றால், அந்த ஊர்ப் பாட்டிமார் வழிவழியாக ‘இது ஓட்டுக்குப் போட்ட படம்’ என்று சொல்லி வந்திருந்தால் உதவும். அதுவும் இல்லையென்றால், பக்கத்தில் தோண்டும்போது அதே சின்னங்கள் வரிசையாக அச்சிட்ட வாக்குச்சீட்டும் அதைப் போடும் பெட்டியும் கிடைத்தால் உதவும். இந்த மூன்றும் இல்லாமல் சுவரை மட்டும் எத்தனை நாள் உற்றுப் பார்த்தாலும் அவர் தேர்தல் என்ற விஷயத்தை வந்தடையவே முடியாது.

## இரண்டு கேள்விகள்

பாறை ஓவியத்தின் முன் நிற்கும்போது நாம் கேட்பவை இரண்டு வேறு வேறு கேள்விகள். ‘இது என்ன உருவம்?’ என்பது ஒன்று. இதை உருவ அடையாளம் என்று வைத்துக்கொள்வோம். ‘இதை ஏன் வரைந்தார்கள், பார்த்தவர்களுக்கு இது என்ன சொன்னது?’ என்பது மற்றொன்று. அதுதான் பொருள். முதல் கேள்விக்குக் கண் போதும் என்று நினைக்கிறோம். அதுகூடப் பல நேரம் போதுவதில்லை என்பதைப் பின்னால் பார்ப்போம். இரண்டாவதற்குப் பாறைக்கு வெளியிலிருந்து ஒரு பாலம் வேண்டும்.

பாலங்கள் மூன்றுதான்: எழுத்து, வாழும் மரபு, சூழல். சூழல் என்றால் ஓவியம் இருக்கும் இடம், அந்த இடத்தில் கிடைக்கும் கருவிகள், பானைகள், எலும்புகள், அந்தக் காலத்து மக்களின் வாழ்க்கை பற்றி நமக்குத் தெரிந்தவை எல்லாம். இதுவரை சொன்னதன் சாரம் இவ்வளவுதான்: படத்தை அடையாளம் காண்பதும் பொருள் சொல்வதும் ஒன்றல்ல, பொருளுக்கு இந்த மூன்று பாலங்களில் ஒன்றாவது வேண்டும்.

## எழுத்து என்ற பாலம்: எடுத்தனூர் நாய்

எழுத்து இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வட ஆர்க்காட்டை விட நல்ல இடம் கிடைக்காது. பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தில், இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கும் செங்கம் பகுதி நடுகற்களுக்குப் பேர்போனது. போரிலோ ஆநிரை காத்தோ உயிர்விட்ட வீரனுக்கு நட்ட கல்தான் நடுகல். அது பாறை ஓவியம் இல்லை, காலத்தால் மிகவும் பிந்தியது. ஆனாலும் பொருள் சொல்லும் வித்தையைக் கற்றுக்கொள்ள அதைப் போல வேறொன்றில்லை.

எடுத்தனூரில் ஒரு நடுகல். 7-ஆம் நூற்றாண்டு, பல்லவன் மகேந்திரவர்மன் காலத்தது. ஒரு வீரன் ஆயுதத்தோடு நிற்கிறான். பக்கத்தில் ஒரு நாய். எழுத்தை மறைத்துவிட்டு யாரிடமாவது காட்டுங்கள். பத்தில் ஒன்பது பேர் ‘வேட்டைக்காரனும் வேட்டை நாயும்’ என்பார்கள். நியாயமான ஊகம்தான். எழுத்தைப் படித்தால் கதையே வேறு. அவன் பெயர் கருந்தேவகத்தி. எருமைகளைக் காக்கப் போய் உயிர்விட்டவன். நாய்க்கும் பெயர் இருக்கிறது: கோவிவன். கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று அதற்கும் ஒரு வரி.

வேட்டை என்பது போய் மாடு காத்த கதையாகிவிட்டது. வேட்டை நாய் என்பது போய், எசமான் விழுந்த பிறகும் இடத்தை விடாத காவல் நாயாகிவிட்டது. கல்லில் உருவம் மாறவில்லை. ஒரு வளைவுகூட மாறவில்லை. அந்தச் சில வரிகள் இல்லாமல் இருந்திருந்தால், கோவிவன் என்ற பெயரோடு ஒரு நாய் 1,400 வருஷத்துக்கு முன் நம் மண்ணில் ஓடியது நமக்குத் தெரியவே தெரியாது. எழுத்துக்கு முந்தைய பாறைகளில் இப்படி எத்தனை கதைகள் எட்டாத தூரத்தில் இருக்கின்றன என்று நினைத்தால் எனக்கு உண்மையிலேயே தவிப்பாக இருக்கும்.

## வாழும் மரபு என்ற பாலம்

எழுத்து இல்லாத இடங்களில் அடுத்த பாலம், வரைந்தவர்களின் வழிவந்தவர்கள் இன்னும் இருந்து விஷயத்தைச் சொல்வது. அவர்களுடன் பழகி அவர்கள் வாழ்க்கையையும் நம்பிக்கையையும் எழுதி வைக்கும் துறை இனவரைவியல்.

தென்னாப்பிரிக்காவின் டிராக்கென்ஸ்பெர்க் மலைகளில் சான் மக்கள் வரைந்த ஓவியங்கள் ஏராளம். அவற்றில் ஈலாண்ட் என்ற பெரிய மான் திரும்பத் திரும்ப வருகிறது. ரொம்ப நாள், ‘வேட்டையாடித் தின்றதை வரைந்திருக்கிறார்கள்’ என்றுதான் சொல்லி வந்தார்கள். அங்கே கேம் பாஸ் என்ற பாறை ஒதுக்கில், அதாவது பாறையே கூரை போல நீண்டு நிழல் தரும் இடத்தில், ஒரு காட்சி. ஈலாண்ட் தலையைத் தாழ்த்தி நிற்கிறது, மயிர் சிலிர்த்திருக்கிறது, பின்னங்கால்கள் ஒன்றின் குறுக்கே ஒன்றாகப் பின்னியிருக்கின்றன. சாகும் தறுவாயில் இருக்கும் விலங்கு அப்படித்தான் தடுமாறும். அதன் வாலைப் பிடித்தபடி ஒரு மனிதன். அவன் காலும் அதே மாதிரி பின்னியிருக்கிறது. பாதம் இருக்க வேண்டிய இடத்தில் குளம்பு.

வேட்டைக் காட்சி என்றால் குளம்பு எதற்கு? இதற்கு விடை பாறையில் இல்லை. 1870-களில் கேப் டவுனில் பிளீக், லாய்ட் என்ற இரண்டு பேர் சான் மக்களிடம் கேட்டு எழுதி வைத்த பல்லாயிரம் பக்கக் குறிப்பேடுகளில் இருந்தது. அதே சமயத்தில், 1873-இல், சிங் என்ற சான் வழிகாட்டி, டிராக்கென்ஸ்பெர்க்கை அடுத்த மலோட்டி மலை ஓவியங்களைப் பற்றிச் சொன்னதும் பதிவாகியிருந்தது. நூறு வருஷம் கழித்து டேவிட் லூயிஸ்-வில்லியம்ஸ் என்ற ஆய்வாளர் இவற்றை ஓவியங்களோடு சேர்த்துப் படித்தார். சான் வைத்தியர்கள் நோய் தீர்க்க விடிய விடிய ஆடி, ஆவேசம் வந்து விழுவார்கள். அந்த விழுதலை அவர்கள் ஒரு வகைச் சாவு என்றே சொல்வார்கள். ஈலாண்ட் அவர்களுக்கு ஆற்றல் நிறைந்த விலங்கு. சாகும் ஈலாண்டும் குளம்பு முளைத்த மனிதனும் ஒரே அனுபவத்தின் இரண்டு பக்கம் என்று அவர் வாசித்தார். சான் ஓவியங்கள் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு சாவி போதுமா என்று இன்றும் வாதம் நடக்கிறது. ஆனால் ‘தின்றதை வரைந்தார்கள்’ என்ற பழைய விளக்கத்துக்கு அதோடு மவுசு போய்விட்டது.

ஆஸ்திரேலியாவில் இன்னொன்று நடந்தது. இந்தத் துறைக்கு வருகிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய சம்பவம் இது. மேக்கின்டாஷ் என்ற உடற்கூறியல் பேராசிரியர் வட ஆஸ்திரேலியாவின் பெஸ்விக் கிரீக் குகை ஓவியங்களில் இருக்கும் விலங்குகளையும் உருவங்களையும் இன்னின்னவை என்று 1950-களில் வெளியிட்டார். பிறகு, அந்த ஓவியங்களின் மரபை அறிந்த பழங்குடிப் பெரியவர் ஒருவர் விளக்கம் சொன்னார். ஒப்பிட்டுப் பார்த்தால், மேக்கின்டாஷ் சொன்னதில் பெரும்பாலானவை தவறு. பொருளை விடுங்கள், உருவ அடையாளமே தவறு. உடற்கூறு படித்த கண் அது. அவர் அதை மறைக்காமல் 1977-இல் கட்டுரையாகவே எழுதினார். கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதாக நாம் நினைப்பதும் நம் பழக்கம் காட்டுவதுதான் என்பதை அதை விட நேர்மையாக யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

## சூழல் என்ற பாலம்

எழுத்தும் இல்லை, சொல்ல ஆளும் இல்லை. அப்போது மிஞ்சுவது சூழல். இந்தப் பாலம் வலுக் குறைந்தது, ஆனால் வெறுங்கையை விட மேல்.

பிரான்சில் லாஸ்கோ குகை 1940-இல் தெரியவந்தது. அங்கே கிடைத்த எலும்புகள் பெரும்பாலும் கலைமானுடையவை, அதாவது ரெயின்டீர் என்ற பனிநாட்டு மானுடையவை. ஆக, அவர்கள் தின்றது கலைமான். சுவரில் யார் இருக்கிறார்கள்? குதிரைகள், காட்டெருதுகள், மான்கள். கலைமான் என்று சொல்லத்தக்கது ஒன்றே ஒன்று. சோற்றுக்கும் சுவருக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பது எலும்பை எண்ணியதால்தான் தெரிந்தது. ஏன் குதிரை என்ற கேள்விக்கு அந்த எலும்புகள் பதில் சொல்லவில்லை. ஆனால் ஒரு தவறான பதிலை அடைத்துவிட்டன. சூழல் பெரும்பாலும் செய்யும் வேலை இதுதான்: தப்பான கதவுகளை மூடுவது.

நமக்குக் கொஞ்சம் பக்கத்தில் ஓர் உதாரணம், கர்நாடகத்தின் பெல்லாரி அருகே குப்கல் குன்று. கறுத்த டோலரைட் பாறைகளில் திமிலுள்ள காளைகள் கொத்தப்பட்டிருக்கின்றன. அந்த வட்டாரத்தில் புதிய கற்கால மக்கள், அதாவது கல்லை வழவழப்பாகத் தேய்த்துக் கோடரி செய்து, பயிரும் மாடும் வளர்த்த மக்கள் வாழ்ந்தார்கள். மாட்டுச் சாணத்தை மலைபோலக் குவித்து எரித்த சாம்பல் மேடுகள் அந்தப் பகுதியில் இருக்கின்றன. ஆகவே காளை அவர்கள் வாழ்வின் நடுவில் இருந்தது என்று தயங்காமல் சொல்லலாம். அதோடு, அங்கே சில பாறைகளைக் கல்லால் தட்டினால் மணி போல ஒலிக்கும். தட்டித் தட்டித் தேய்ந்த குழிகளும் இருக்கின்றன. ஓவியம் என்றால் பார்ப்பதற்கு என்று நாம் எண்ணிக்கொண்டிருக்க, அங்கே ஓசையும் காரியத்தில் ஒரு பாதியாக இருந்திருக்கலாம் என்று இடம் சொல்கிறது. வெறும் புகைப்படத்தைப் பார்த்து அர்த்தம் சொல்கிறவருக்கு இது கிடைக்குமா?

திருப்பத்தூர் அருகே பையம்பள்ளியில் 1960-களில் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது இதே தென்னிந்தியப் புதிய கற்காலத்தின் கருவிகளும் வீடுகளும் வெளிப்பட்டன. பெல்லாரியையும் பையம்பள்ளியையும் நாம் ஒரே மூச்சில் பேசலாம். ஏனென்றால் கோடரியும் பானையும் மாடும் இரண்டு இடத்தையும் இணைக்கின்றன. வட்டாரம் விட்டு வட்டாரம் ஒப்பிடுவது இப்படித்தான் தொடங்க வேண்டும்.

## உலகம் முழுக்க ஒரே கை, ஒரே அர்த்தமா?

கட்டுரையில் மிக முக்கியமான இடம் இது. பாறையில் கையை வைத்து, சுற்றி நிறத்தை ஊதினால் கையின் வடிவம் மட்டும் வெறுமையாக நிற்கும். இதைக் கை அச்சு என்று சொல்வோம். இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் குறைந்தது 39,900 வருஷப் பழமையான கை அச்சு உண்டு. அர்ஜென்டினாவின் படகோனியாவில் ஒரு குகைச் சுவர் முழுக்கக் கைகள், பெரும்பாலும் இடது கைகள். பிரான்சின் கார்காஸ் குகையில் விரல் நுனிகள் இல்லாத கைகள். ஆஸ்திரேலியாவில் கணக்கற்றவை.

வடிவம் ஒன்றே. காரணம்? ஆஸ்திரேலியாவில் சில இடங்களில் கேட்டுப் பதிவு செய்திருக்கிறார்கள்: ‘நான் இங்கே வந்தேன், இந்த இடம் என்னுடையது’ என்று சொல்ல, இறந்தவரை நினைக்க. படகோனியாவில் இடது கை அதிகம் என்பதற்கு, ஊதும் குழலை வலது கையில் பிடித்திருந்தார்கள் என்ற எளிய விளக்கம் போதும். கார்காஸில் விரல் நுனி ஏன் இல்லை? வெட்டிக்கொண்டார்கள் என்றும், குளிராலோ நோயாலோ போனது என்றும், சைகை மொழியாக மடக்கி வைத்தார்கள் என்றும் மூன்று பதில்கள் இன்னும் மோதிக்கொண்டிருக்கின்றன. எல்லா மனிதருக்கும் கை இருக்கிறது, பாறை கிடைக்கிறது, காவிக்கல் கிடைக்கிறது. ஆகவே உலகம் முழுக்கக் கை வருவதில் வியப்பில்லை. அதை வைத்து மக்கள் இடம்பெயர்ந்தார்கள் என்றோ ஒரே சமயத்தார் என்றோ முடிவு கட்ட முடியாது.

ஓர் இடத்து அர்த்தத்தை இன்னோர் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனதால் வந்த பெரிய சறுக்கல் ஒன்று உண்டு. 1903-இல் பிரெஞ்சு அறிஞர் சாலமன் ரெய்னாக், ஆஸ்திரேலியப் பழங்குடிகள் விலங்குகள் பெருகச் செய்யும் சடங்குகளைப் படித்துவிட்டு, பிரான்சின் குகை ஓவியங்களும் அப்படிப்பட்ட மந்திரம்தான் என்றார். நடுவே பத்தாயிரக்கணக்கான வருஷங்களும் ஒரு முழு உலகத் தூரமும் இருந்தன. ‘வேட்டை மந்திரம்’ என்று இன்று நம் வாட்ஸ்அப் வரை வந்து சேர்ந்திருக்கும் விளக்கத்தின் ஒரு பெரிய வேர் அங்கேதான் இருக்கிறது. லாஸ்கோ எலும்புகள் அதை எப்படி ஆட்டம் காண வைத்தன என்று பார்த்தோம்.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். புள்ளி, வலை, நெளிகோடு, சுருள் போன்றவை எல்லா நாட்டிலும் வருவதற்கு மனித மூளையே காரணமாக இருக்கலாம் என்று லூயிஸ்-வில்லியம்ஸும் டவுசனும் 1988-இல் வாதிட்டார்கள். கண்ணை அழுத்தி மூடினால் நமக்கே நெளிகோடும் புள்ளியும் மின்னும்; ஆவேச நிலையில் அவை இன்னும் பலமாகத் தோன்றும். எல்லோருக்கும் ஒரே மூளை, ஆகவே ஒரே வடிவங்கள். சுவையான கருத்து. ஆனால் கவனியுங்கள்: இதை அப்படியே ஏற்றாலும், வடிவம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் அது சொல்கிறது. அந்தச் சுருளை ஒரு கூட்டம் பாம்பு என்றும் இன்னொரு கூட்டம் நீர்ச்சுழி என்றும் நினைத்திருக்க முழு இடம் இருக்கிறது. அதோடு, சுருள் வரைய ஆவேசம் வந்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

ஆக, எழுத்து உறுதியாகச் சொல்லும். வாழும் மரபு வளமாகச் சொல்லும். சூழல் எல்லை கட்டும். வடிவ ஒற்றுமை தனியாக நின்று எதையும் சொல்லாது.

## எத்தனை வருஷம் பழமை?

பொருள் சொல்லக் காலம் தெரிய வேண்டும். இங்கே நம் வட்டாரத்துக்கு ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. கரியால் வரைந்திருந்தால், உயிருள்ள பொருள் செத்த பிறகு அதிலிருக்கும் ஒரு வகைக் கார்பன் சீராகக் குறைவதை அளந்து காலம் சொல்லலாம். காவியும் வெண்களிமண்ணும் கனிமங்கள். அவற்றில் அளக்க அது இல்லை. சுலவேசியில் வேறு வழி பிடித்தார்கள். அது சுண்ணாம்புப் பாறைக் குகை. ஓவியத்தின் மேல் நீர் வடிந்து சுண்ணப் படலம் படிந்திருக்கும். அதிலிருக்கும் யுரேனியம் தோரியமாக மாறிய அளவைப் பார்த்து, படலம் எப்போது படிந்தது, ஆகவே ஓவியம் அதற்கு முந்தியது என்று சொல்கிறார்கள். நம் வேலூர்ப் பக்கத்துக் குன்றுகள் கருங்கல், அதாவது கிரானைட், நைஸ் வகைகள். அப்படிப் படலம் படிந்து தருவதை இங்கே எதிர்பார்க்க முடியாது.

அதனால் மறைமுக வழிகள்தான். ஒன்றின்மேல் ஒன்று வரைந்திருந்தால் மேலே இருப்பது பிந்தியது. இதை மேல்வரைதல் என்பார்கள். அப்புறம், படத்தில் இருக்கும் பொருளே ஓர் எல்லை போடும். மல்லப்பாடி வெள்ளை ஓவியத்தில் குதிரைமேல் இருவர் ஆயுதத்தோடு மோதுகிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கே.வி. இராமன் வெளிக்கொண்டு வந்த ஓவியம் அது. தென்னாட்டில் குதிரை ஏற்றம் இரும்புக் காலத்தோடு, அதாவது கடந்த சில ஆயிரம் வருஷங்களுக்குள், சேர்ந்து வருவது. ஆகவே இப்படி ஓர் ஓவியத்தைப் பத்தாயிரம் வருஷம் என்று யாராவது சொன்னால், குதிரையே அதை மறுத்துவிடும்.

கீழ்வாலையில் சிவப்பில் மனித உருவங்கள். ஒன்று விலங்கின்மேல் அமர்ந்திருக்கிறது. முகம் பறவை அலகு போல நீண்டிருக்கிறது. முகமூடி என்று சொல்வோரும் உண்டு. பக்கத்தில் சில குறிகள். அவற்றைச் சிந்துவெளி எழுத்தோடு ஒப்பிட்டுப் பேசுகிறார்கள். வட்டம், பெருக்கல் குறி, ஏணி போன்ற எளிய கோடுகள் எந்த இரண்டு குறித் தொகுப்பிலும் தற்செயலாக ஒத்துப்போகும். ஒற்றுமைக்கு மேல் போய் எழுத்து என்று சொல்ல, குறிகள் ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப வர வேண்டும், வேறு பொருள்களிலும் அதே முறையில் வர வேண்டும். அது வரைக்கும் ‘குறிகள்’ என்று சொல்வதே நல்லது.

## ஊர் சொல்லும் விளக்கம்

ஊர்க்காரர் சொல்வதை என்ன செய்வது? நம் பக்கத்துக் கற்திட்டைகளை, அதாவது பலகைக் கற்களால் கட்டிய பழைய ஈமச் சின்னங்களை, ஓர் ஊரில் பாண்டவர் வீடு என்பார்கள், ஓர் ஊரில் குள்ளர் வீடு என்பார்கள், கிருஷ்ணகிரிப் பக்கம் மோரியர் வீடு என்பார்கள். ஜவ்வாது மலையில் புதிய கற்காலக் கோடரிகளைக் கோயிலில் வைத்துக் கும்பிடுகிறார்கள். எண்ணெய் பூசிப் பூசிக் கறுத்துப் பளபளக்கும் அந்தக் கற்கள் மரம் வெட்டவும் நிலம் திருத்தவும் செய்தவை.

இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. கோடரி செய்தவனுக்கு அது கருவி. இன்று விளக்கேற்றுபவருக்கு அது சாமி. இரண்டும் உண்மையான பொருள்கள், காலம்தான் வேறு. தவறு எங்கே வருகிறது என்றால், இன்றைய பொருளை எடுத்து ‘அன்றும் இதுவே’ என்று ஒட்டும்போது. நீலகிரியில் வெள்ளரிக்கோம்பை ஓவியங்களுக்கும் அங்கே வாழும் ஆலு குறும்பர்களுக்கும் உள்ள உறவு போல, தொடர்ச்சி இருக்கக்கூடிய இடங்களில் ஊர்ச் சொல்லைக் கவனமாக எடை போட வேண்டும். தொடர்ச்சி அறுந்த இடத்தில் ஊர்ச் சொல் அந்த ஊரின் வரலாறு. வரைந்தவரின் வரலாறு ஆகாது.

## நீங்களே ஒன்றைப் பார்த்தால்

முதலில் அது மனிதன் வரைந்ததுதானா என்று பாருங்கள். பாறையில் இரும்புக் கறை மழையில் இறங்கிச் செவ்வரி போடும், பாசி காய்ந்து வெள்ளை வட்டமாக நிற்கும். பாறைத் தளத்தில் ஒழுங்கான கோடுகளோ குழிகளோ இருந்தால், ஆடுபுலி ஆட்டமாகவோ பல்லாங்குழியாகவோ இருக்க வாய்ப்பிருக்கிறது. கோயில் மண்டபத் தரைகளில் பார்த்திருப்பீர்கள்.

ஓவியம்தான் என்று தோன்றினால் தொட வேண்டாம். நிறம் தூக்கலாகத் தெரிய வேண்டும் என்று தண்ணீர் ஊற்றுவதும், சுண்ணாம்புக் கட்டியால் கோட்டின்மேல் கோடு போடுவதும் ரொம்பப் பேர் நல்லெண்ணத்தோடு செய்யும் கேடு. தண்ணீர் நிறமியைக் கரைக்கும், உப்பைப் பாறையின் மேலுக்கு இழுத்து வரும். மங்கியிருந்தால் புகைப்படம் எடுத்து டிஸ்ட்ரெட்ச் போன்ற செயலியில் நிறங்களைப் பிரித்துப் பார்க்கலாம். கண்ணுக்கே தெரியாத காவிக் கோடுகள் சில நேரம் துலங்கி வரும். ஆனால் கறையும் சேர்ந்து துலங்கும் என்பதை மறக்கக் கூடாது.

ஓவியத்தை மட்டும் எடுக்காமல் ஓர் அளவுகோலை அருகில் பிடித்து எடுங்கள். கொஞ்சம் விலகி நின்று பாறை முழுவதையும், இன்னும் விலகி நின்று குன்றையும் எடுங்கள். எந்தத் திசை பார்த்திருக்கிறது, ஒதுக்கில் எத்தனை பேர் உட்கார முடியும், சுனை எவ்வளவு தூரம், கீழே பானை ஓடு ஏதாவது கிடக்கிறதா என்று எழுதுங்கள். ஓட்டைப் பொறுக்கி வர வேண்டாம். கிடக்கும் இடத்தில் கிடந்தால்தான் அது சாட்சி. இடத்தின் சரியான வரைபடக் குறியை முகநூலில் போடாமல், மாநிலத் தொல்லியல் துறைக்கோ வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கோ சொல்லுங்கள். இடம் ஊரறிந்துவிட்டால், காதலர் பெயர்கள் வெள்ளைப் பெயின்டில் ஏறப் பல நாள் ஆகாது. பக்கத்தில் கல்குவாரி வேலை நடக்கிறதென்றால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அதையே முதலில் சொல்லுங்கள்.